டாக்டர் வாட்சனும் நிறைந்து போன சி டிரைவும்

சி டிரைவ் நிறைந்து, அந்த நீலப் பட்டை சிவப்பாக மாறிய பிறகுதான் நம் மக்கள் கணினியைச் சுத்தம் செய்ய உட்காருவார்கள். கை முதலில் எங்கே போகும்? போட்டோ ஃபோல்டருக்குத்தான். பெயர் சூட்டு விழா வீடியோ 2 ஜிபி, தாத்தாவின் சதாபிஷேகம் 3 ஜிபி, "இதெல்லாம் யார் திரும்பப் பார்க்கப் போறாங்க" என்று ஒரு நிமிடத்தில் முடிவாகிவிடும். அதே வட்டில் யாருமே திரும்பிப் பார்க்காத வேறு சில கோப்புகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். புரோகிராம் படுக்கும்போதெல்லாம் விண்டோஸ் எழுதி வைக்கும் பிழை அறிக்கைகள், டம்ப் கோப்புகள். பொட்டி தட்டிப் பிழைப்பவன் என்பதால் சொந்தபந்தத்தில் யாருக்குக் கணினி நிறைந்தாலும் போன் எனக்குத்தான் வரும். போட்டோவை அழிக்காதீர்கள், முதலில் இதை அழியுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட, இந்தக் கோப்புகள் எங்கிருந்து வந்தன, யாருக்காக எழுதப்பட்டன என்ற கதையை ஒரே தடவையில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கதை கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

டம்ப் என்ற சொல் கணினி உலகில் ரொம்பப் பழசு. 1950-களில் எம்ஐடியில் வேர்ல்விண்ட் என்ற கணினிக்காக ஜே ஃபாரஸ்டர் குழுவினர் காந்த வளைய நினைவகத்தை உருவாக்கினார்கள். கடுகு சைஸில் ஃபெரைட் வளையங்கள், அவற்றின் ஊடே பூத்தொடுப்பது போலக் கோத்த கம்பிகள். ஒரு வளையம் ஒரு பிட். வளையத்துக்குக் கோர் என்று பெயர். கணக்கு பாதியில் நின்றுபோனால், அந்த நிமிடத்தில் நினைவகத்தில் இருந்ததையெல்லாம் அப்படியே காகிதத்தில் கொட்டச் சொல்வார்கள். அதுதான் கோர் டம்ப். வளையங்கள் போய் சிலிக்கான் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் யுனிக்ஸிலும் லினக்ஸிலும் புரோகிராம் செத்தால் விழும் கோப்புக்கு இன்றைக்கும் கோர் என்றுதான் பெயர்.

மெயின்ஃபிரேம் காலத்தில் இந்த டம்ப் காகிதக் கட்டாகவே கைக்கு வரும். 1973-ல் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370 வந்தது. அந்த வகை இயந்திரங்களில் வேலை செய்த மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். அட்டையில் துளை போட்டு வேலையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், விடைக்குப் பதில் பக்கம் பக்கமாகப் பதினாறின் அடிமான எண்கள் வரும். இடது ஓரம் முகவரி, நடுவில் எண்கள், வலது ஓரம் அதற்கான எழுத்துகள். பேனாவால் வட்டம் போட்டுப் போட்டு எங்கே தப்பு என்று தேடுவார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காகிதம் போய்ச் சேர்ந்தது புரோகிராம் எழுதினவரின் கைக்கே. செத்தது அவர் பிள்ளை, பிரேதப் பரிசோதனை செய்வதும் அவரே.

பர்சனல் கம்ப்யூட்டர் வந்து இந்த ஏற்பாட்டைக் கலைத்துப் போட்டது. புரோகிராம் எழுதுபவர் அமெரிக்காவில் ரெட்மண்டில் இருப்பார், அது படுப்பது கோவில்பட்டியில் ஒரு டிடிபி சென்டரில். விண்டோஸ் 3.0 "மீட்க முடியாத பிழை" என்று சொல்லிவிட்டுப் போகும். 3.1-ல் அதையே "ஜெனரல் புரொடக்‌ஷன் ஃபால்ட்" என்று மாற்றினார்கள். விண்டோஸ் 95, 98-ல் "இந்தப் புரோகிராம் இல்லீகல் ஆபரேஷன் செய்துவிட்டது" என்று வரும். போலீஸ் வந்துவிடுமோ என்று பயந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன் :-)

நம் கதாநாயகர் நுழைவது இந்த இடத்தில். விண்டோஸ் 3 காலத்தில் மைக்ரோசாஃப்டில் டான் கார்பிட் என்பவர் ஒரு சின்னக் கருவி எழுதினார். ஏதாவது ஒரு புரோகிராம் படுத்தால், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, எந்த இடத்தில் விழுந்தது என்று ஒரு பதிவேட்டில் குறித்து வைக்கும். முதலில் வைத்த பெயர் ஷெர்லாக். அந்தப் பெயரில் ஏற்கெனவே வேறொரு கருவி இருந்ததால் ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சன் பெயருக்கு மாற்றினார்கள். எனக்கென்னவோ மாற்றின பெயர்தான் பொருத்தம் என்று படுகிறது. கண்டுபிடிப்பது ஹோம்ஸ், கூடவே இருந்து நடந்ததையெல்லாம் எழுதி வைப்பது வாட்சன். இந்தக் கருவியும் எதையும் கண்டுபிடிக்காது, எழுதி மட்டும் வைக்கும். எக்ஸ்பி வரைக்கும் இந்த டாக்டர் இருந்தார். கூடவே அவருடைய பதிவேடும் யூசர் டம்ப் கோப்பும் ஒரு மூலை ஃபோல்டரில் கிடக்கும்.

எழுதி வைத்தால் போதுமா? படிக்க வேண்டியவர் கையில் அல்லவா சேர வேண்டும்? 1990-களின் கடைசியில் ஆஃபீஸ் மென்பொருள் குழுவில் கர்க் கிளரம் உள்ளிட்ட சிலர் இதற்கு ஒரு வழி செய்தார்கள். புரோகிராம் படுத்த உடனே பயனரிடம் அனுமதி கேட்டு, அறிக்கையை இணையம் வழியாக நேரே மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பிவிடுவது. 2001-ல் ஆஃபீஸ் எக்ஸ்பியிலும் அதே வருடம் விண்டோஸ் எக்ஸ்பியிலும் அது வெளியே வந்தது. "வருந்துகிறோம்" என்று ஒரு பெட்டி, அதில் "சென்ட் எரர் ரிப்போர்ட்", "டோன்ட் சென்ட்" என்று இரண்டு பட்டன்கள். எக்ஸ்பி பயன்படுத்திய யாருக்கும் அந்தப் பெட்டி மறந்திருக்காது.

நம்மூரில் எத்தனை பேர் சென்ட் அமுக்கியிருப்பார்கள்? டயல்அப் காலம். நிமிடத்துக்கு இவ்வளவு என்று போன் பில் ஏறும். அதை விடப் பெரிய பயம் ஒன்று உண்டு. விண்டோஸே ஐம்பது ரூபாய் சிடியில் வந்தது, அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவார்களோ! பிரவுசிங் சென்டர் அண்ணன்கள் "அதெல்லாம் தொடாதீங்க தம்பி, டோன்ட் சென்ட் குடுங்க" என்பார்கள். ஆக, உலகத்திலேயே மின்சாரம் அதிகம் போய் வரும், வோல்டேஜ் அதிகம் ஆடும் ஊர்களில் கணினி எப்படிச் சாகிறது என்ற சேதி ரெட்மண்டுக்குக் குறைவாகவே போயிருக்கும் என்பது என் ஊகம்.

போன அறிக்கைகளை அங்கே எப்படிப் படித்தார்கள்? கோடிக்கணக்கில் வந்தால் மனிதன் எப்படிப் படிப்பது? வாளி போட்டுப் பிரித்தார்கள். நிஜமாகவே பக்கெட் என்றுதான் பெயர். படுத்த புரோகிராம் எது, அதன் வெர்ஷன் என்ன, அதற்குள் எந்த மாட்யூல், அதன் வெர்ஷன், மாட்யூலுக்குள் எத்தனையாவது பைட்டில் விழுந்தது. இந்த விவரங்கள் ஒன்றாக இருந்தால் ஒரே வாளி. ஒரே வழு பத்து லட்சம் பேரைத் தாக்கினாலும் வாளி ஒன்றுதான், எண்ணிக்கை மட்டும் ஏறும். எந்த வாளி பெரிசோ அதை முதலில் சரி செய்வது. இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. முதலில் இந்தச் சின்னக் குறிப்பு மட்டும் போகும். "இது எங்களுக்குத் தெரிந்த வழுதான்" என்று சர்வர் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது. புதுசாக இருந்தால் மட்டும் "டம்ப் கொடு" என்று கேட்கும்.

2002 அக்டோபரில் ஸ்டீவ் பால்மர் வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதன் பலனைச் சொன்னார். வழுக்களில் 20 சதவீதம்தான் 80 சதவீதப் பிழைகளுக்குக் காரணமாம். வெறும் 1 சதவீத வழுக்கள் பாதிப் பிழைகளை உண்டாக்குகின்றனவாம். இது தெரிந்ததும் வேலை செய்யும் முறையே மாறிப் போனது. ஆணி பிடுங்குகிற நமக்கு இதன் அருமை புரியும். எந்த ஆணியைப் பிடுங்க வேண்டும் என்று தெரிவதுதானே பாதி வேலை! 2009-ல் இந்தக் குழுவினர் தங்கள் பத்து வருட அனுபவத்தை ஒரு ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். அப்போது நூறு கோடி கணினிகளிலிருந்து அறிக்கைகள் வரும் அமைப்பாக அது வளர்ந்திருந்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த கதை ரேமண்ட் சென் 2005-ல் எழுதியது. மைக்ரோசாஃப்டில் நெடுங்காலமாக இருப்பவர். வந்த அறிக்கைகளில் ஒரு கூட்டம் யாருக்கும் புரியவில்லை. புரோகிராம் விழுந்த இடத்தைப் பார்த்தால், ஒரு ரெஜிஸ்டரைப் பூஜ்ஜியமாக்கு என்கிற கட்டளை. நினைவகத்தைத் தொடாத, தோற்கவே வழியில்லாத கட்டளை அது. அது எப்படித் தோற்கும்? அறிக்கை அனுப்பியவர்களைத் தொடர்பு கொண்டு விசாரித்தார்கள். சிலர் பிராசஸரை அதன் அளவுக்கு மேல் வேகமாக ஓட வைத்திருந்தார்கள், அதாவது ஓவர்கிளாக்கிங். மற்றவர்களுக்கு அந்த வார்த்தையே தெரியவில்லை. ஆனால் அவர்கள் கணினியும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. விற்ற சின்னக் கம்பெனிகள், குறைந்த வேகச் சில்லை முறுக்கிவிட்டு அதிக வேகம் என்று தலையில் கட்டியிருந்தன. கணினி அடிக்கடி படுக்கும், வாங்கினவர் விண்டோஸைத் திட்டுவார். ரிச்சி தெருவிலோ நேரு பிளேஸிலோ "அசெம்பிள்டு சிஸ்டம்" வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதைப் படிக்கும்போது யாராவது ஒருவர் ஞாபகத்துக்கு வருவார். பெயர் வேண்டாம் :-)

நீலத்திரையின் கதை இதிலிருந்து கொஞ்சம் வேறு. புரோகிராம் படுத்தால் விண்டோஸ் உயிரோடு இருந்து குறிப்பு எழுதும். விண்டோஸே படுத்தால் யார் எழுதுவது? அந்த நேரத்தில் ஃபைல் சிஸ்டத்தையே நம்ப முடியாது, எங்காவது தப்பாக எழுதினால் உங்கள் கோப்புகளே போய்விடும். அதனால் வட்டில் ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருக்கும் பேஜ்ஃபைலுக்குள் நேரடியாகக் கொட்டிவிட்டு மெஷின் சாகும். மறுபடி உயிர் வந்ததும் அதை எடுத்து விண்டோஸ் ஃபோல்டரில் மெமரி.டிஎம்பி என்று சேமிக்கும். கூடவே மினிடம்ப் ஃபோல்டரில் தேதியோடு ஒரு குட்டிக் கோப்பும் விழும். எக்ஸ்பி நாளில் அந்தக் குட்டி 64 கேபி. பெரியது மட்டும் வருடத்துக்கு வருடம் கொழுத்துக்கொண்டே வந்தது. முழு டம்ப் என்று அமைத்திருந்தால் 16 ஜிபி ரேமுக்குக் கிட்டத்தட்ட 16 ஜிபி கோப்பு. விஸ்டா, விண்டோஸ் 7-ல் கெர்னல் பகுதி மட்டும், விண்டோஸ் 8 முதல் "ஆட்டோமேட்டிக்" என்று அளவை ஓரளவு கட்டுப்படுத்தினார்கள். அப்படியும் ஜிபி கணக்குதான்.

விண்டோஸ் 7-லிருந்து ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். வீட்டுக் கணினியில் காலியிடம் 25 ஜிபிக்குக் கீழே இருந்தால் பொதுவாக மெமரி.டிஎம்பியை விண்டோஸே வைத்துக்கொள்ளாது. டொமைனில் சேர்ந்திருக்கும் ஆபீஸ் லேப்டாப்புக்கு இந்தச் சலுகை இல்லை, அங்கே கோப்பு அப்படியே கிடக்கும். வீட்டுக் கணினியில் நிறைந்து போவது பெரும்பாலும் வேறு இடங்கள். புரோகிராம்டேட்டாவுக்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டபிள்யூஇஆர் என்று இறங்கினால் ரிப்போர்ட்ஆர்க்கைவ், ரிப்போர்ட்கியூ என்று இரண்டு ஃபோல்டர். முன்னது பழைய அறிக்கைகள், பின்னது அனுப்பக் காத்திருப்பவை. ஏதாவது ஒரு பிரிண்டர் சர்வீஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை செத்துச் செத்துப் பிழைத்தால் இங்கே அறிக்கைகள் குவிந்துகொண்டே போகும். பயனரின் ஆப்டேட்டாவுக்குள் கிராஷ்டம்ப்ஸ் என்று ஒன்று இருக்கலாம். விண்டோஸ் 8.1-க்குப் பிறகு லைவ்கெர்னல்ரிப்போர்ட்ஸ் என்று இன்னொன்று வந்தது. கிராஃபிக்ஸ் கார்டோ யுஎஸ்பியோ மூச்சுத் திணறி, ஆனால் நீலத்திரை வராமல் தப்பித்த தருணங்களின் டம்ப் அதில் விழும். அதில் ஒரே கோப்பு ஒரு ஜிபிக்கு மேல் இருப்பதும் உண்டு.

இவை எதுவும் விண்டோஸ் ஓடுவதற்குத் தேவையில்லை. அழித்தால் பழைய சிக்கல்களின் பட்டியல் காலியாகும், அவ்வளவுதான். 128 ஜிபி எஸ்எஸ்டி, அதை விடக் கொடுமையாக 32 ஜிபி மட்டுமே உள்ள மலிவு லேப்டாப் என்று ஊரில் அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தவர்களுக்கு இந்த இரண்டு மூன்று ஜிபி பெரிய விஷயம்.

அழிப்பதற்குக் கையால் ஃபோல்டருக்குள் போக வேண்டாம், ஊரில் இருப்பவர்களைப் போக வைக்கவும் வேண்டாம். பக்கத்து ஃபோல்டரைச் சேர்த்து அழித்துவிட்டால் விண்டோஸே எழுந்திருக்காது. விண்டோஸ் 98 காலத்திலிருந்தே டிஸ்க் கிளீனப் இருக்கிறது. அதில் "கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்" கொடுத்தால், சிஸ்டம் எரர் மெமரி டம்ப், மினிடம்ப், விண்டோஸ் எரர் ரிப்போர்ட் என்ற வரிகள் அளவோடு வரும். விண்டோஸ் 10, 11 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் வழியாகவும் போகலாம். போனில் வழி சொல்லும்போது ஒரு எச்சரிக்கையை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். "எல்லாத்தையும் டிக் பண்ணிடு" என்று சொல்லவே கூடாது. 2018 அக்டோபர் அப்டேட்டில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் டிஸ்க் கிளீனப் பட்டியலில் சேர்த்து வைத்தார்கள். பழக்க தோஷத்தில் எல்லா டிக்கும் போட்டவர்கள் ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் சேர்த்து இழந்திருப்பார்கள். 2020-ல் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனால் செட்டிங்ஸ் வழியில் டவுன்லோட்ஸ் இன்னும் இருக்கிறது.

குப்பைதானே, பார்க்காமலே அழித்துவிடலாமா என்றால், அங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. டம்ப் என்பது நினைவகத்தின் நகல். நினைவகத்தில் என்ன இருந்ததோ அது அதிலும் இருக்கலாம். திறந்திருந்த கடிதம், தட்டிக்கொண்டிருந்த கடவுச்சொல், எதுவும். 2013 டிசம்பர் கடைசியில் ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழ் ஒரு சேதி போட்டது. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ, விண்டோஸ் பிழை அறிக்கைகளை வழியில் மடக்கிப் படித்து, குறிப்பிட்ட ஒருவரின் கணினியில் எங்கே ஓட்டை என்று தெரிந்துகொண்டதாம். ஸ்னோடன் காலத்து ஆவணங்கள். முதல் கட்டத்தில் போகும் அந்தச் சின்னக் குறிப்பு அப்போது பூட்டுப் போடாமல் போய்க்கொண்டிருந்தது என்பதை அதே நாட்களில் வெப்சென்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனமும் காட்டியது. பிரவுசிங் சென்டர் அண்ணன் சொன்னது காரணம் தப்பாக இருந்தாலும் ஒரு வகையில் சரிதானோ!

இன்னொன்று மைக்ரோசாஃப்டுக்கே நடந்தது. 2023-ல் சீனாவைச் சேர்ந்த ஒரு குழு, மைக்ரோசாஃப்டின் கையெழுத்துச் சாவி ஒன்றை வைத்து சுமார் 25 அமைப்புகளின் மின்னஞ்சலுக்குள் புகுந்தது. அமெரிக்க வணிகத்துறைச் செயலர் ஜினா ரைமண்டோவின் அஞ்சலும் அதில் ஒன்று. சாவி எப்படி வெளியே போனது? 2021 ஏப்ரலில் ஒரு சிஸ்டம் படுத்தபோது எழுதிய டம்ப் கோப்புக்குள் சாவி சிக்கி, அந்தக் கோப்பு பாதுகாப்பான வலையமைப்பிலிருந்து இணையத்தோடு இணைந்த இடத்துக்கு நகர்ந்திருக்கலாம் என்று 2023 செப்டம்பரில் விளக்கினார்கள். பிறகு 2024 மார்ச்சில், சாவி உள்ள டம்ப் எதையும் தாங்கள் கண்டுபிடிக்கவில்லை என்று திருத்தினார்கள். உண்மை எதுவோ, டம்ப்பில் சாவி இருக்கக் கூடும் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டது எனக்குப் போதும். லேப்டாப்பை விற்கும் முன்னும் சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்னும் பெரிய டம்ப் கோப்புகளை அழிக்கச் சொல்வது இதனால்தான்.

மறுபக்கமும் உண்டு. 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு அப்டேட்டால் உலகமெங்கும் நீலத்திரை. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஊருக்கு டிக்கெட் போட்டிருந்த நம்மவர்கள் எத்தனை பேர் அன்றைக்கு வரிசையில் நின்றார்களோ. பாதிக்கப்பட்ட கணினிகள் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. கெர்னலில் எந்த டிரைவர், எந்த முகவரியைத் தப்பாகப் படித்தது என்று அதே மாதம் அவர்கள் வரிவரியாகக் காட்டினார்கள். எதை வைத்து? வந்து சேர்ந்த பிழை அறிக்கைகளின் டம்ப்புகளை வைத்துத்தான். பட்டன் இல்லாமல் பின்னணியிலேயே அறிக்கை போகும் காலம் இது.

வீட்டு அளவில் பார்த்தால், வாரத்துக்கு இரண்டு நீலத்திரை வரும் கணினியில் மினிடம்ப் ஃபோல்டரைக் காலி செய்வது, ஜுரக்காரரின் ரத்தப் பரிசோதனை முடிவைக் கிழித்துப் போடுவது மாதிரி. கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் "மதர்போர்டு போச்சு சார், எட்டாயிரம்" என்பார். அந்தக் குட்டிக் கோப்புகளைப் படிக்கத் தெரிந்தவர் பார்த்தால், ஒவ்வொரு தடவையும் ஒரே வைஃபை டிரைவர் பெயர் வருகிறது, செலவே இல்லை என்று சொல்லக் கூடும். அல்லது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடம் என்றால் ரேம் மேல் சந்தேகம் வரும். மைக்ரோசாஃப்டின் விண்டிபிஜி இலவசமாகவே கிடைக்கிறது. விஸ்டாவில் வந்த ரிலையபிலிட்டி மானிட்டரைத் திறந்தால் எந்தத் தேதியில் எது படுத்தது என்று சிவப்புப் பெருக்கல் குறியோடு காலண்டர் மாதிரியே காட்டும். அழிப்பதற்கு முன் அதை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

மினிடம்ப்புகள் ஐம்பது இருந்தாலும் பெரிதாக இடம் பிடிக்காது, இடம் அடைப்பது அவை அல்ல. கணினி ஒழுங்காக ஓடினால் எல்லாவற்றையும் அழித்துவிடலாம். தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தால் மெமரி.டிஎம்பி, லைவ்கெர்னல்ரிப்போர்ட்ஸ், ரிப்போர்ட்ஆர்க்கைவ் போகட்டும், கடைசி நாலைந்து மினிடம்ப்பை மட்டும் ஒரு பென்டிரைவில் போட்டு வைத்துக்கொண்டு மற்றதை டிஸ்க் கிளீனப்பிடம் விடுங்கள். சதாபிஷேக வீடியோவைத் தொட வேண்டியதில்லை.